எழுபத்திரண்டு இல்லாத தூண்கள்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. முழங்காலும் இடது கண்ணும் போக மிச்சமுள்ள நான் சுகம். நீ, மாப்பிள்ளை, பிள்ளைகள் இருவர், நாலு பேரும் காய்ச்சல் தலைவலி இல்லாமல் இருக்கிறீர்களா என்று கேட்பது என் முறை, பதில் சொல்வதும் சொல்லாததும் உன் இஷ்டம். நீ என் போனை எடுத்து இன்றோடு இருபத்திரண்டு நாள் ஆகிறது. நான் எண்ணவில்லை, காலண்டர் கண்ணுக்கு நேரே தொங்குகிறது, அதற்கு நான் என்ன செய்ய. கடைசியாக நீ பேசியது ஒரே ஒரு பேச்சு. அப்பா பேர் போட்ட பெஞ்ச நீ திரும்ப மூடிட்டியாமே, அண்ணன் சொன்னான், ஒனக்கு நெஞ்சு இருக்கிற எடத்துல என்ன கல்லா இருக்கு என்றாய், வைத்துவிட்டாய். அதற்குத்தான் இந்தக் கடிதம். போனில் சொன்னால் நடுவில் புகுந்து பேசுவாய். கடிதத்துக்கு நடுவில் யாரும் பேச முடியாது.

பெஞ்சைத் திறந்து வைத்த அன்றைக்கு அங்கே யார் யார் இருந்தார்கள் என்பதை முதலில் எழுதிவிடுகிறேன், வயசான பொம்பளை கனவு கண்டு எழுதுகிறாள் என்று பிறகு யாரும் சொல்லக் கூடாது. கழுத்தில் கேமராவைத் தொங்கவிட்டுக்கொண்டு உன் அண்ணன். மருந்துக்கடையில் நாலு நாள் லீவு சொல்லிவிட்டு வந்த மருமகள். அப்பாவின் அக்கா, அதாவது உன் பெரியத்தை, காரிலிருந்து இறக்க ஒரு ஆள், ஏற்ற இரண்டு ஆள். சாலை ஆபீசிலிருந்து வந்த சின்ன வயசு இஞ்சினியர், மீசை இப்போதுதான் யோசித்துக்கொண்டிருக்கிறது. அப்பாவோடு ரோட்டு வேலை பார்த்து ரிட்டையரான ஏழு பேர், அதில் நாம் தார்டின் என்று பட்டப்பேர் வைத்துக் கூப்பிடுகிற தாடிக்காரரும் ஒருவர். பெஞ்சுக்கு சிமெண்டு பூசின கொத்தனார். யாரும் கூப்பிடாமல் வந்த ஒரு நாய். அப்புறம் நான். இத்தனை பேரில் அன்றைக்கு என்ன நடந்தது என்று புரிந்தவர்கள் மூன்று பேர்தான், மருமகளைச் சேர்த்தால் நாலு. நாயைப் பற்றித் தெரியவில்லை.

விஷயம் பெஞ்சு இல்லை, கண்ணு. விஷயம் என் அம்மா செத்தது. உனக்கு அப்போது எட்டு மாதம், அண்ணனுக்கு நாலு வயசு, எனக்கு இருபத்துநாலு. எழுபத்திரண்டாம் வருஷம். நீ பிறந்த வருஷம் ஆனதால் மறக்க நினைத்தாலும் எனக்கு வழியில்லை. சாலை கேம்ப் வீட்டில் இருந்தோம், மெயின் ரோட்டிலிருந்து ஒன்றரை மைல் உள்ளே, ஒரு மேட்டுக்குப் பின்னால், அங்கிருந்து பஸ்ஸும் தெரியாது ஹாரனும் கேட்காது. அந்த ரோடு கடலை ஒட்டியே தெற்கே போய்க் கடைசியில் எந்த ஊரில் முட்டி நிற்கிறதோ அந்த ஊரில் என் அம்மா தனியாக இருந்தாள். நான் ஒரே பிள்ளை. ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் அம்மாவிடமிருந்து போஸ்ட்கார்டு வந்தது, யாரையோ விட்டு எழுதியிருந்தாள், உடம்பு தேறாது போல் இருக்கிறது, பேத்தியை ஒரு தடவை பார்க்க வேண்டும், தூக்கிக்கொண்டு உடனே வா என்று. உன் துணி நாலு, என் புடவை இரண்டு, பையில் வைத்துக் கட்டி வாசலில் வைத்துவிட்டு அப்பாவுக்காகக் காத்திருந்தேன். சாயங்காலம் வந்தார். பையைப் பார்த்தார். கார்டைப் படித்தார். செருப்பைக் கழற்றாமலே சொன்னார், நேத்து கடல் ஏறிடுச்சு, மூணாம் பாலத்துக்கும் நாலாம் பாலத்துக்கும் நடுவுல ரோடே இல்ல, பஸ் எல்லாத்தையும் நிறுத்தியாச்சு, மனுஷன் நடந்துகூட போக முடியாது, சரியானதும் நானே கூட்டிட்டுப் போறேன். இந்த வார்த்தைகளில் ஒன்றுகூட நான் மாற்றவில்லை. ஐம்பத்து மூன்று வருஷமாக இதே வரிசையில்தான் என் தலைக்குள் இருக்கிறது. நான் பையைப் பிரித்தேன். ரோட்டைப் பற்றி உன் அப்பா ஒன்று சொன்னால் அதற்குமேல் விசாரணை கிடையாது, மழையைப் பற்றி வானமே வந்து சொன்ன மாதிரி.

மறுநாளே பெரிய இஞ்சினியர் இரண்டு ஜீப்பில் ஒன்பது பேரோடு இன்ஸ்பெக்ஷனுக்கு வந்து இறங்கினார். ஒன்பது நாள் கேம்ப் பங்களாவில் தங்கினார்கள். மூன்று வேளையும் சமைத்தவள் நான். இடுப்பில் நீ, கையில் கரண்டி. காலையில் பங்களாப் படியைக் கூட்டுவதும் நான்தான், அந்தப் படியில் தினமும் வெள்ளை மணல் கிடந்தது, ஜீப் டயரிலும் வெள்ளை மணல். எங்கள் கேம்ப் பக்கம் முழுக்கச் செம்மண். கூட்டி அள்ளிக் கொட்டினேனே ஒழிய, ரோடு இல்லாமல் இந்த மணல் எப்படி வந்தது என்று எனக்குத் தோன்றவில்லை. பதினோராம் நாள் அவர்கள் போன பிறகு அப்பா வந்து உட்கார்ந்து, ரோடு நேத்துதான் தெறந்தது, கூடவே சேதியும் வந்துச்சு, எல்லாம் முடிச்சிட்டாங்களாம் என்றார். நான் அழுதபோது என் முதுகைத் தடவிக் கொடுத்தார். கடல் மேல் கோபப்பட்டு நாம் என்ன செய்ய முடியும் என்றார். ஐம்பத்து மூன்று வருஷம் நான் கடல் மேல் கோபமாக இருந்தேன், மகளே. நீங்கள் எல்லாரும் கடற்கரைக்குப் போய் விளையாடும்போது அம்மா மட்டும் வரமாட்டாள் என்று கேலி பண்ணுவீர்களே, அதற்குக் காரணம் இதுதான். அம்மா போனபின் அந்தப் பக்கம் எனக்கு யாரும் இல்லை, நான் போகவும் இல்லை.

இப்போது, அப்பா போன பிறகு, உன் அண்ணன் வந்து, அப்பாவோட வேலை பார்த்தவங்க சேர்ந்து முனைத் திருப்பத்துல அப்பா பேர்ல பெஞ்சு போடுறாங்கம்மா, நீங்கதான் தெறந்து வைக்கணும், அப்படியே நாலு நாள் கடலோரமா கார்ல ஜாலியா போய்ட்டு வருவோம் என்றபோது, முதலில் முடியாது என்றேன். பேப்பரில் எங்கெங்கே நின்று கடலைப் பார்க்க வேண்டும் என்று பதினாலு இடம் எழுதி வைத்திருந்தான். எனக்கு அந்தப் பதினாலும் வேண்டாம். ஆனால் ஒரே ஒரு ஆசை வந்தது, ஒப்புக்கொள்கிறேன். மூன்றாம் பாலத்துக்கும் நாலாம் பாலத்துக்கும் நடுவே உள்ள இடத்தைப் பார்க்க வேண்டும். என் அம்மாவிடம் என்னைப் போக விடாமல் தடுத்த இடத்தை, சாவதற்கு முன் ஒரு தடவை நேருக்கு நேர் பார்த்துவிட வேண்டும். அதற்காகத்தான் காரில் ஏறினேன்.

போகும்போது கடல் இடது பக்கம். இடது ஜன்னலில் உன் பெரியத்தை உட்கார்ந்துகொண்டாள், எனக்கு மூட்டு மடங்காது, ஓரமாதான் ஒக்காரணும் என்றாள். கல்யாணமாகி இந்த ரோட்டில் நான் வந்த பஸ்ஸிலும் ஜன்னல் அவளுக்குத்தான், அப்போது அவளுக்கு மூட்டு நன்றாக மடங்கியது. முதல் நாள் முழுக்க நான் பார்த்தது அவளுடைய காதும் காதுக்குப் பின்னால் கொஞ்சம் கடலும். உன் அண்ணன் அரை மணிக்கு ஒரு தடவை நிறுத்துவான், எல்லாரும் இறங்க வேண்டும், வரிசையாக நிற்க வேண்டும், அம்மா சிரிங்க, அம்மா இந்தப் பக்கம் பாருங்க. அழகில்லை என்று நான் சொல்ல மாட்டேன். பாறைக்குக் கீழே தண்ணீர் பச்சையாக, கண்ணாடி பாட்டிலை உடைத்துப் போட்டது போல் இருந்தது. ஓரிடத்தில் ரோடு மலையைச் சுற்றி வளைந்ததும் கடல் மொத்தமும் திடீரென்று எதிரே வந்து நின்றது, மருமகள் ஐயோ என்று கத்தினாள், உன் அண்ணன் பயந்துபோய் பிரேக்கை மிதித்துவிட்டான். ஏண்டி கத்துற என்றான். கடலுக்குத்தான் கத்துனேன், ஒங்களுக்கா கத்துனேன் என்றாள். அவள் வாய்க்கு நான் எப்போதும் குறை சொல்வேன், அன்றைக்குப் பிடித்தது. சாயங்காலம் ஒரு லாட்ஜில் தங்கினோம், பால்கனி நாற்காலி உப்புக்காற்றில் பிசுபிசுவென்று ஒட்டியது.

தூண் விஷயம் உனக்குத் தெரியுமோ என்னவோ. அந்த ரோட்டில் ஒவ்வொரு பாலத்துக்குப் பக்கத்திலும் இடுப்புயரத்தில் ஒரு சிமெண்டுத் தூண் இருக்கும். தண்ணீர் ஏறி ரோட்டை மூடினால், போக்குவரத்து நின்றால், எது வரைக்கும் ஏறியதோ அங்கே ஒரு கோடு போட்டுப் பக்கத்தில் வருஷத்தை எழுத வேண்டும். அது உன் அப்பாவின் வேலை. பெயிண்டு டப்பாவும் பிரஷும் எடுத்துக்கொண்டு அவரே போய் எழுதுவார், ஆளை அனுப்ப மாட்டார், நாளைக்குப் பாலம் கட்டுறவன் இதைப் பாத்துத்தான் கட்டுவான், இதுல தப்பு வந்தா உசிரு போகும் என்பார். நான் ஐந்தாவது வரைக்கும் படித்தவள், எழுத்து கொஞ்சம் தடுமாறும், எண் தடுமாறாது. அதிலும் அவருடைய ஏழு எனக்கு நன்றாகத் தெரியும். ஏழுக்கு நடுவே ஒரு குறுக்குக் கோடு போடுவார், உலகத்தில் வேறு யாரும் போட்டு நான் பார்த்ததில்லை.

இரண்டாம் நாள் காலையில் மூன்றாம் பாலம் வந்தது. நிறுத்து என்றேன். உன் அண்ணன், அம்மா இது நம்ம லிஸ்ட்லயே இல்ல, இங்க ஒண்ணும் இல்ல என்றான். ஒண்ணும் இல்லாததைப் பாக்கத்தான் வந்தேன், நிறுத்துடா என்றேன். இறங்கிப் போய்த் தூணுக்கு முன் நின்றேன். அறுபத்தெட்டு. எழுபத்தொன்று. எழுபத்தேழு. எண்பத்தைந்து. பெயிண்டு மங்கியிருந்தது, அதன் மேலேயே பிறகு யாரோ திரும்ப எழுதியிருந்தார்கள், ஆனாலும் குறுக்குக் கோடு போட்ட ஏழுகள் அப்படியே இருந்தன. எழுபத்திரண்டு இல்லை. மேலே பார்த்தேன், கீழே பார்த்தேன், சுற்றி வந்து பின்பக்கம் பார்த்தேன். மழையில் அழிந்திருக்கும் என்று என்னை நானே சமாதானம் செய்துகொண்டு காரில் ஏறினேன். நாலாம் பாலத்தில் அறுபத்தெட்டும் எழுபத்தொன்றும் எழுபத்தெட்டும். அங்கேயும் இல்லை. காரைத் திருப்பச் சொல்லி, விட்டுவந்த ஒன்றையும் இரண்டையும் போய்ப் பார்த்தேன், அதற்குப் பிறகு ஒரு பாலத்தையும் விடவில்லை. ஐந்து, ஆறு, ஏழு, எட்டு. மருமகள் சொன்னாள், என்ன அத்தே, ஊரே கடலைப் பாக்குது, நீங்க கடலுக்கு முதுகைக் காட்டிட்டு கல்லைப் பாக்குறீங்க. கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு இந்தத் தூணைப் படம் எடுத்துப் பெருசு பண்ணிக் காட்டுமா என்றேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள். அதற்குப் பிறகு கேலி பண்ணவில்லை, ஒவ்வொரு தூணையும் நாலு பக்கமும் எடுத்தாள், முன்னால் விட்டுப்போனதைத் திரும்பும் வழியில் எடுத்தாள். எட்டாம் பாலத்தில் தூணின் மேல் விரலை வைத்து மெதுவாகக் கேட்டாள், எந்த வருஷத்தைத் தேடுறீங்க அத்தே. உன் பெரியத்தை அன்றைக்குக் காரைவிட்டு ஒரு தடவைகூட இறங்கவில்லை. மூட்டு வலி என்றாள்.

மொத்தம் பதினோரு பாலம். மூன்றாம் நாள் ஊர் வந்து சேர்ந்தபோது பதினொன்றும் பார்த்தாகிவிட்டது, எதிலும் எழுபத்திரண்டு இல்லை. காரிலிருந்து காலைக் கீழே வைத்தேன், செருப்புக்குள் மணல் ஏறியது, வெள்ளை மணல். பங்களாப் படியில் நான் ஒன்பது நாள் கூட்டி அள்ளின மணல். அந்த இடத்திலேயே நான் மணலில் உட்கார்ந்துவிட்டேன், உன் அண்ணன் காற்று ஒத்துக்கொள்ளவில்லை என்று சோடா வாங்க ஓடினான்.

என் அம்மாவின் வீடு இப்போது யாரோ ஒருவருடைய சைக்கிள் ரிப்பேர்க் கடை. பக்கத்து வீட்டில் கிழிந்த வலை தைக்கிற அம்மாள் இருந்தாள், அறுபத்தேழு வயசு இருக்கும், நான் அவளைத் தெரிந்துகொள்ளும் முன்னால் அவள் என்னை அடையாளம் கண்டுகொண்டாள். அக்கா, நீங்க பெரியம்மாவோட மகதானே என்றாள், ஊசியைக் கீழே வைத்துவிட்டாள். அவளுக்கு அப்போது பதினாலு வயசாம். அம்மாவோடு கூட இருந்து பார்த்துக்கொண்டது அவள்தானாம். ரோடு உடைஞ்சு கெடந்ததுல என்னால வர முடியலம்மா என்று நான் ஆரம்பித்தேன், அவளாவது ஆமாம் என்று சொல்லிவிடுவாள் என்று எனக்கு இன்னும் ஒரு நப்பாசை. அவள் என்னையே பார்த்தாள். எப்பக்கா ஒடஞ்சுது, பஸ் வந்துட்டுத்தானே இருந்துச்சு என்றாள். காலையில் பத்து மணிக்கு ஒன்று, சாயங்காலம் நாலு மணிக்கு ஒன்று. கடைசித் திருப்பத்தில் ஹாரன் அடிப்பான். ஒவ்வொரு ஹாரனுக்கும் என் அம்மா தலையைத் தூக்குவாளாம், போய்ப் பாருடி, எம்மக எறங்குறாளான்னு பாத்துட்டு வா என்பாளாம். இவள் ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு வந்து இல்லை என்பாளாம். கார்டு எனக்குக் கிடைத்திருக்கும் அந்தச் செவ்வாய்க்கிழமையிலிருந்து ஒன்பதாம் நாள் காலை வரைக்கும். நான் அங்கேயே கணக்குப் போட்டுவிட்டேன், பதினேழு பஸ்.

ஒன்பதாம் நாள் காலை பஸ் வந்தபோது அம்மாவுக்குத் தலையைத் தூக்கவும் முடியவில்லையாம், கண்ணால் மட்டும் வாசலைக் காட்டினாளாம். இந்தப் பெண் போய்ப் பார்த்தாள், நான் இல்லை. திரும்பி வந்து, பெரியம்மா, அக்கா எறங்கிட்டாங்க, இடுப்புல பாப்பா, கடையில பாப்பாவுக்குப் பால் வாங்கிட்டு இருக்காங்க, இப்ப வந்துருவாங்க என்று சொல்லிவிட்டாளாம். என் அம்மா சீப்பைக் கொண்டா என்று சைகை காட்டினாளாம். மகள் வரும்போது தலை கலைந்து கிடக்கக் கூடாது அல்லவா. இவள்தான் வாரிவிட்டாள். பாதி வாரும்போதே அம்மா போய்விட்டாள். இதைச் சொல்லிவிட்டு அந்த அம்மாள், நான் பொய் சொல்லிட்டேங்க்கா, இத்தன வருஷமா மனசுல உறுத்துது, என்ன மன்னிச்சிருங்க என்று அழுதாள். நான் அவள் கை இரண்டையும் எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். வலை தைத்துத் தைத்துக் காய்த்துப்போன கை. பொய்யே மன்னிக்கக் கூடாதது என்று உன் அம்மா சொல்கிறாள் என்று நினைக்காதே. ஒரு பொய்யை நான் அன்றைக்குக் கும்பிட்டிருக்கிறேன்.

நாலாம் நாள் திரும்பும்போது கடல் வலது பக்கம், என் ஜன்னலுக்கு வந்தது. நான் பார்க்கவில்லை. ஒன்பதாம் பாலம் தாண்டும்போது, அந்த நாளில் கேம்ப் வீட்டில் எங்களோடு இருந்த உன் பெரியத்தை தானாகவே வாயைத் திறந்தாள், யாரும் கேட்கவில்லை. தம்பிக்கு அந்தப் புரமோஷன் போயிருந்தா ஆயுசுக்கும் கெடச்சிருக்காது, பெரிய இஞ்சினியர் சாப்பாட்டுல ரொம்பக் கறார்னு முன்னாடியே சொல்லியிருந்தாங்க, இவ போய்ட்டா யாரு சமைக்கிறதுன்னான், என்னைய வாயத் தெறக்காதேன்னு சத்தியம் வாங்கிட்டான் என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, எனக்கு மட்டும் சமைக்கத் தெரிஞ்சிருந்தா ஒன்னைய அனுப்பியிருப்பான் என்றாள். அவள் சமையல் உனக்கே தெரியும், அவள் வைத்த குழம்பைப் பார்த்துத்தான் மாமா வெளியூர் வேலைக்கு எழுதிக் கொடுத்தார் என்று அப்பாவே கேலி பண்ணுவார். எனக்கு அந்த நேரத்தில் சிரிப்பு வந்தது, நம்புவாயா. சிரித்தேன். உன் அண்ணன் காரை ஓரம் கட்டி, ஸ்டியரிங்கில் தலையை வைத்துக்கொண்டான். பிறகு திரும்பி, அம்மா, அங்க எல்லாரும் காத்துட்டு இருப்பாங்க, அப்பா மேல உயிரா இருக்கிறவங்க, நீங்க எதுவும் கேட்டுடாதீங்க, எதுவும் சொல்லிடாதீங்க என்று கெஞ்சினான். சரி, குற்றம் ஒண்ணும் சொல்ல மாட்டேன், கேள்வி ஒண்ணும் கேக்க மாட்டேன் என்றேன். அந்த வாக்கை நான் மீறவில்லை, அவனிடமே கேட்டுப் பார்.

முனைத் திருப்பத்தில் பெஞ்சைப் போட்டிருந்தார்கள், நல்ல இடம், மூன்று பக்கமும் கடல். நீலத் துணியால் மூடியிருந்தார்கள். அந்த இளம் இஞ்சினியர் உன் அப்பாவைப் பற்றிக் கால் மணி நேரம் பேசினான், பார்த்ததே கிடையாது, பேப்பரைப் பார்த்துப் பேசினான். இந்த ரோட்டைப் பற்றி ஒரு பொய்க் கணக்குகூட எழுதாத மனிதர் என்றான். பிறகு என்னை இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். நான் எழுந்து நின்றேன். ஒன்றாம் பாலம், அறுபத்தெட்டு, எழுபத்தேழு. இரண்டாம் பாலம், எழுபத்தேழு, எண்பத்தைந்து. மூன்றாம் பாலம், அறுபத்தெட்டு, எழுபத்தொன்று, எழுபத்தேழு, எண்பத்தைந்து. இப்படியே பதினோரு பாலத்துக்கும் ஒன்றுவிடாமல் சொன்னேன். சொல்லி முடித்து, எழுபத்திரண்டு எதிலும் இல்லை, எல்லாம் அவர் கையெழுத்துதான் என்றேன். உட்கார்ந்துவிட்டேன்.

என்ன நடக்கும் என்று நினைத்தேன் தெரியுமா. ஒருவராவது தலையைக் குனிவார் என்று நினைத்தேன். கை தட்டினார்கள், மகளே. ஏழு கிழவர்களும் எழுந்து நின்று கை தட்டினார்கள். ரோட்டு வேலைக்காரனுக்கு இதைவிடப் பெரிய மரியாதை கிடையாதாம், பெண்டாட்டி அவன் எழுதின எண்ணை எல்லாம் மனப்பாடமாகச் சொல்கிறாளாம். தார்டின் கண்ணைத் துடைத்துக்கொண்டு எல்லாருக்கும் விளக்கம் வேறு சொன்னார், அக்கா சொன்னது ரொம்பச் சரி, எழுபத்திரண்டுல கடல் பசு மாதிரி சாதுவா கெடந்துச்சு, அந்த வருஷந்தானே பெரிய இஞ்சினியர் ஒன்பது நாள் தங்கினாரு, அண்ணனுக்குப் புரமோஷன் வந்ததே அக்கா கைச் சமையலாலதான், அந்த ருசி இன்னும் நாக்குலயே இருக்கு என்றார். மறுபடியும் கை தட்டினார்கள். என் அம்மா செத்ததற்கு அன்றைக்கு இரண்டு தடவை கை தட்டினார்கள்.

பிறகு துணியை எடுக்கச் சொன்னார்கள். எடுத்தேன். வெள்ளை எழுத்தில் பெயர் இருந்தது. உட்காருங்கள் என்றார்கள். நான் அதே துணியை எடுத்துப் பெயரின் மேல் மூடி, நுனியைப் பெஞ்சுக்கு அடியில் செருகிவிட்டு, இதில் நான் உட்கார மாட்டேன் என்று சொல்லிவிட்டுக் கைப்பிடிச் சுவரில் போய் உட்கார்ந்தேன். அதையும் அவர்கள் மரியாதை என்றுதான் எடுத்துக்கொண்டார்கள். புருஷன் பேர் மேல எப்படி ஒக்காருவாங்க, அந்தக் காலத்து மனுஷி என்று கொத்தனார் சொன்னது என் காதில் விழுந்தது. ஆக உன் அப்பாவின் மானம் போய்விட்டதே என்று நீ அங்கே தூங்காமல் இருந்தால், தூங்கு. ஒரு நூல்கூட அதில் குறையவில்லை. வாழ்நாளில் ஒரே ஒரு தடவை நான் வாயைத் திறந்தேன், அதுவும் அவருக்கு மாலையாகப் போய் விழுந்தது.

உன் அண்ணன் உனக்குச் சொன்னது கடைசிப் பாதியை மட்டும். பயத்தில் சொல்லியிருப்பான், போகட்டும். வேறு செய்தி என்று பார்த்தால், பின்கட்டுக் குழாய் சொட்டுகிறது, பிளம்பர் நாளைக்கு நாளைக்கு என்று ஒரு மாதமாகச் சொல்கிறான். பெரியத்தை திரும்பி வந்ததிலிருந்து என் அறைப் பக்கம் வருவதில்லை, நேற்று நானே போய்க் காலுக்குத் தைலம் தேய்த்துவிட்டேன், அவள் சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள். மருமகள் அந்தத் தூண் படங்களை எல்லாம் கடையில் பிரிண்டு போட்டு வந்து என் கையில் கொடுத்தாள், அன்று முதல் எனக்கு அவளிடம் குறை சொல்ல வாய் வரவில்லை. பதினோரு தூணின் படமும் இதோடு வைத்திருக்கிறேன். நீயே பார்த்துக்கொள், ஏழின் குறுக்குக் கோட்டைப் பார், அப்பா கையா இல்லையா என்று நீயே சொல். சிமெண்டுத் தூணிடம் பொய் சொல்ல அவருக்கு மனசு வரவில்லை. என்னிடம் செருப்பைக் கழற்றாமலே சொல்ல வந்தது.

குளிரில் காதை மூடாமல் போகாதே, சின்ன வயசிலிருந்தே உனக்குக் காதுதான் முதலில் பிடிக்கும். மாப்பிள்ளையிடம் பிரஷர் மாத்திரையை ஞாபகப்படுத்து. பெரியவனுக்குப் பரீட்சை முடிந்ததா, எழுது. பிள்ளைகளும் நீயும் நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும், உன்னைப் பார்க்க வேண்டும் என்று தோன்றுகிற யாருக்கும் உன் வழி எப்போதும் திறந்தே இருக்க வேண்டும், இதுதான் என் ஆசீர்வாதம். ஒன்றை மட்டும் மறந்துவிடாதே, இங்கே போன் மணி அடிக்கும்போதெல்லாம் நானும் மருமகளை அனுப்புகிறேன், போய்ப் பாரும்மா, அவளா என்று.

நீ மன்னிச்சிடும்மா என்று சொல்வாய், எனக்குத் தெரியும். எல்லாரையும் மன்னித்துவிட்டேன். சாப்பிட்ட பெரிய இஞ்சினியருக்கு என்ன தெரியும், அவரை. சத்தியத்துக்குக் கட்டுப்பட்டு வாயை மூடிக்கொண்ட உன் பெரியத்தையை. கை தட்டின கிழவர்களை. உன் அண்ணனை. கல் என்று சொன்ன உன்னை, சொன்ன அன்றைக்கே. வெள்ளை மணலைக் கூட்டி அள்ளியும் புத்தி வராத என்னைக்கூட, இருபத்துநாலு வயசு, இடுப்பில் பிள்ளை, அவளைத் திட்டி என்ன பண்ண என்று விட்டுவிட்டேன். பாக்கி ஒரே ஒருவர். முனைத் திருப்பத்துப் பெஞ்சில் வெள்ளை எழுத்தில் பெயர் இருக்கிறதே, உன் அப்பா, அவரை மாட்டேன்.

இப்படிக்கு,
பதினேழு பஸ்ஸிலும் இறங்காத மகள்,
உன் அம்மா